பேகத்தின் கணவர் யார்?



தில்லியில் நெடுங்காலமாக இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கலாம். 1970-களில் புது தில்லி ரயில் நிலையத்தின் முதல் வகுப்புக் காத்திருப்பு அறையில் ஓர் அம்மையார் குடியேறினார். உடன் ஒரு மகன், ஒரு மகள், வேலையாட்கள், கூட்டமாகப் பெரிய நாய்கள். தரையில் கம்பளம் விரித்திருந்தது. அவரோடு நேரில் பேச முடியாது. சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்தால் வேலையாள் அதை வெள்ளித் தட்டில் வைத்து எடுத்துப்போய்ப் படித்துக் காட்டுவார். 1976-இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியபோது அந்த அம்மையார் அங்கேதான் இருந்தார். பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய நம்மவர்களில் எத்தனை பேர் அவரை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்களோ!

அவர் பெயர் விலாயத் மகால். அவத் அரச வம்சத்தின் வாரிசு என்றார். அவத்தின் கடைசி நவாப் வாஜித் அலி ஷாவிடமிருந்து 1856-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியைப் பறித்தது. நவாப் கல்கத்தாவுக்கு அருகே மட்டியாபுர்ஜில் வாழ்ந்து 1887-இல் இறந்தார். அவருடைய பேகம் ஹஸ்ரத் மகால் லக்னோவில் கம்பெனிப் படையை எதிர்த்து நின்று, தோற்று, நேபாளத்தில் தஞ்சம் புகுந்து 1879-இல் காட்மாண்டுவில் கண்மூடினார். தாம் அந்த ஹஸ்ரத் மகாலின் வழியில் வந்தவர், பறித்த அரண்மனைகளைத் திருப்பித் தரும்வரை இந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன் என்பது விலாயத்தின் வழக்கு. லக்னோவில் ஒரு வீடு தர உத்தரப் பிரதேச அரசு முன்வந்தது. அது போதாது என்று மறுத்துவிட்டார்.

பத்தாண்டுபோல இப்படியே ஓடியது. 1984-இல் இந்திரா காந்தியின் ஒப்புதல் கிடைத்தது. 1985-இல் மூவரும் நகரின் நடுவிலுள்ள மேட்டுக்காட்டில், 14-ஆம் நூற்றாண்டின் துக்ளக் காலத்து வேட்டை மாளிகையான மால்சா மகாலுக்குக் குடிபோனார்கள். மாளிகை என்பது பேருக்குத்தான். கதவில்லை, மின்சாரமில்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. அத்துமீறி நுழைந்தால் சுடப்படுவீர்கள் என்று வெளியே ஓர் அறிவிப்புப் பலகை. 1993-இல் விலாயத் இறந்தார். வைரத்தைப் பொடித்துக் குடித்து உயிர்விட்டார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். பிறகு மகள் சகீனாவும் போனார். சைரஸ் என்று தம்மை அழைத்துக்கொண்ட மகன் தனியாளாக இருந்து 2017 செப்டம்பரில் இறந்தார். உடலைக் கேட்டு உறவினர் எவரும் வரவில்லை. வக்ஃப் வாரியத்தின் உதவியோடு போலீசாரே தில்லி கேட் பக்கத்து இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள்.

இந்த நாற்பது ஆண்டுகளில் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் வரிசையாக வந்தார்கள், படம் எடுத்தார்கள், நாடிழந்த இளவரசர்கள் என்று எழுதினார்கள். கல்கத்தாவில் இருந்த நவாபின் வழித்தோன்றல்கள் இவர்களை ஒருபோதும் ஏற்கவில்லை. ஆகவே சர்ச்சை முழுவதும் ஒரே புள்ளியைச் சுற்றியது. இவர் ராஜவம்சமா, இல்லையா? ஹஸ்ரத் மகாலுக்குப் பேத்தியா, கொள்ளுப்பேத்தியா, யாருமே இல்லையா? எல்லோரும் வம்சமரத்தில் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் பார்த்தவர் இல்லை. கண்ணெதிரே இரண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஓர் அப்பா இருந்திருக்க வேண்டுமே, அவர் எங்கே? பேகத்தின் கதையில் கொள்ளுப்பாட்டி இருந்தார், நவாப் இருந்தார், இழந்த அரண்மனைகள் இருந்தன. கணவர் மட்டும் இல்லை.

குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இந்த மாதிரி ஓட்டையைத்தான். பேர்பெற்ற மூதாதையைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அரசர்களைப் பற்றி ஆளாளுக்குக் கதை கட்டியிருப்பார்கள், அந்தக் கதைகளில் யார் வேண்டுமானாலும் தங்களைச் செருகிக்கொள்ளலாம். மாதச் சம்பளம் வாங்கிய சாதாரண மனிதரைச் சுற்றி யாரும் கதை கட்டுவதில்லை. அவர் வேலை பார்த்த அலுவலகத்தில் அவருடைய கையெழுத்து இருக்கும்.

முடிச்சை அவிழ்த்தவர் நியூயார்க் டைம்ஸின் தெற்காசியச் செய்தியாளராக தில்லியில் இருந்த எலன் பாரி. சைரஸ் உயிரோடு இருந்தபோது அவரோடு பழகியவர். தம் குடும்பத்தைப் பற்றி சைரஸ் வாய்திறந்ததில்லை. அவர் இறந்த பிறகு மால்சா மகாலில் கிடந்த காகிதங்களில் வெஸ்டர்ன் யூனியன் ரசீதுகள் அகப்பட்டன. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரிலிருந்து ஒருவர் தவறாமல் பணம் அனுப்பிவந்திருக்கிறார். அனுப்பியவர் தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் பொதுவான சகோதரர் என்று குறிப்பு. முத்திரை பதித்த கடிதத்தாளோ நவாப் கொடுத்த சாசனமோ செய்யாததை, கசங்கிய பணவிடை ரசீது செய்தது. அனுப்பியவர் பெயர், பெற்றவர் பெயர், ஊர், தேதி. வம்சத்தைப் பற்றி ஒரு சொல்லும் அதில் கிடையாது. பொய் சொல்ல வேண்டிய அவசியமும் அந்த ரசீதுக்கு இல்லை.

பாரி பிராட்ஃபோர்டுக்குப் போனார். அங்கே இருந்தவர் நோயாளியான ஒரு முதியவர். இரும்பு வார்ப்படத் தொழிலாளியாக உழைத்து ஓய்ந்தவர். விலாயத்தின் மூத்த மகன், சின்ன வயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறியவர். அவர் வாயால்தான் கணவரின் பெயர் வெளியே வந்தது. இனாயத்துல்லா பட். லக்னோ பல்கலைக்கழகத்தின் பதிவாளர். அவத்தின் இளவரசர் சைரஸை வீட்டில் மிக்கி என்று கூப்பிட்டார்கள். லாகூரில் இருந்த உறவினர்களும் மீதிக் கதையைச் சொன்னார்கள். 2019 நவம்பரில் பாரியின் நீண்ட கட்டுரை வெளிவந்தது.

பதிவாளர் என்ற பதவியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இன்னார் இன்ன ஆண்டில் இன்ன தேர்வில் தேறினார் என்று பிறருக்குச் சான்று தரும் அலுவலகம் அவருடையது. பிறந்த தேதியில் சந்தேகமா, தகப்பன் பெயரில் எழுத்துப் பிழையா, எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். அப்படிப்பட்டவரின் மனைவி பின்னாளில், தாம் யார் என்று காட்ட ஒரு நம்பகமான துண்டுச்சீட்டும் இல்லாமல் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். உண்மையான சான்று லக்னோவிலேயே இருந்தது. பல்கலைக்கழகப் பழைய ஆவணங்களைப் புரட்டியிருந்தால் பதிவாளரின் பெயர் வந்திருக்கும். யாரும் கணவரைக் கேட்காததால் யாரும் புரட்டவில்லை.

சரி, அவர் ஏன் கதையிலிருந்து காணாமல் போனார்? இங்கேதான் விஷயம் கனக்கிறது.

உறவினர்கள் சொன்னது இது. 1947-ஐ ஒட்டிய கலவர நாட்களில் லக்னோவில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த இனாயத்துல்லாவை இளைஞர்கள் சிலர் ஹாக்கி மட்டைகளால் அடித்துப் போட்டார்கள். அதற்குமேல் அந்த ஊரில் இருக்க அவருக்கு மனம் வரவில்லை. பாகிஸ்தானின் விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை கிடைத்தது, குடும்பத்தோடு கராச்சிக்குப் போய்விட்டார். விலாயத்துக்கு இதில் சம்மதமே இல்லை. லக்னோவை விட்டதையும் அங்கே விட்டுவந்த சொத்தையும் அவரால் மறக்க முடியவில்லை. சில ஆண்டுகளில் கணவர் இறந்துபோனார்.

போன பிறகு திரும்பி வந்து வீட்டைக் கேட்டால் என்ன என்று தோன்றும். சட்டம் அதற்கு இடம் தரவில்லை. 1948 ஜூலையிலிருந்து மேற்குப் பாகிஸ்தானிலிருந்து இந்தியாவுக்குள் வர அனுமதிச் சீட்டு வேண்டும். 1950-இல் வந்த வெளியேறியோர் சொத்து நிர்வாகச் சட்டத்தின்படி, 1947 மார்ச் 1-க்குப் பிறகு பிரிவினையின் காரணமாகவோ கலவரத்துக்கு அஞ்சியோ நாட்டை விட்டுப் போனவர் வெளியேறியவர். அவர் சொத்து அரசு நியமித்த காப்பாளரிடம் போய்விடும். எல்லைக்கு அந்தப் பக்கத்திலும் இதே மாதிரிச் சட்டம், அங்கிருந்து வந்த இந்துக்களுக்கும் சீக்கியர்களுக்கும் எதிராக. குடும்பத் தலைவர் ஒரு வேலையை ஒப்புக்கொள்கிறார், மனைவியும் பிள்ளைகளும் பெட்டி கட்டுகிறார்கள். நீயும் போக விரும்புகிறாயா என்று அந்த மனைவியை எந்த அதிகாரியும் கேட்டதில்லை. சட்டத்தின் கண்ணில் அவரும் வெளியேறியவர்தான்.

கணவர் போன பிறகு விலாயத்தைக் கட்டுப்படுத்த யாரும் இல்லை. பாகிஸ்தான் பிரதமர் முகமது அலி போக்ராவை எதிர்கொண்டு கன்னத்தில் அறைந்தார் என்கிறது குடும்பம். அதன் விலையாக லாகூர் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டு மின்னதிர்ச்சிச் சிகிச்சைக்கு ஆளானார். வெளியே வந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டினார். கொஞ்ச காலம் காஷ்மீர், பிறகு தில்லி. அவத் இளவரசி என்ற அடையாளம் இந்தப் பயணத்தில் எங்கோ ஓரிடத்தில் உருவாகியிருக்கிறது. பதிவாளர் பட் அவர்களின் விதவை என்று சொன்னால் 1970-களின் தில்லியில் எந்த அலுவலகமும் நாற்காலி போட்டிருக்காது. நவாபின் கொள்ளுப்பேத்தி என்றதும் பிரதமர் வரை கோப்பு போனது. கணவரைச் சொன்னால் பாகிஸ்தானைச் சொல்ல வேண்டும். பாகிஸ்தானைச் சொன்னால் வழக்கே போச்சு. அதனால் கணவரைச் சொல்லாமலே விட்டார்.

கட்டுரை வந்ததும் ஏமாற்றுக்காரி என்று பலர் எளிதாகத் தீர்ப்பு எழுதினார்கள். அதை ஏற்க முடியாது. அவர் சொன்ன வம்சம் மெய்யல்ல, அவர் இழந்த வீடு மெய்தான். 1947-இல் வீடிழந்த பல லட்சம் பெண்களில் அவர் ஒருவர். அந்த இழப்பைக் கேட்க ஆளில்லாத ஊரில், 1856-இன் இழப்பைக் கேட்க உலகமே வந்து நின்றது. காணாமற்போன கணவரைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்தப் பெண்ணின் கோபத்துக்கு அர்த்தம் கிடைத்தது.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். தமிழ்க் குடும்பங்களில் இப்படிக் காணாமற்போன கணவர்கள் கொஞ்சமா? கப்பலேறிப் போனார், திரும்பவில்லை என்று ஒரு வரி. அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டாராம் என்று குரலைத் தாழ்த்தி இன்னொரு வரி. பேரப்பிள்ளைகள் காலத்தில் இரண்டு வரியும் மறைந்து, தாத்தா நேதாஜி படையில் இருந்தார் என்று ஆகிவிடும். மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள் என்பது உண்மை. உங்கள் தாத்தா சேர்ந்தாரா என்பது தனிக் கேள்வி. அதற்கு விடை காண ஆசைப்படுவோர், பாட்டி எந்த ஆண்டில் யாரிடம் உதவி கேட்டு மனுப்போட்டார் என்பதிலிருந்து தொடங்குவது நல்லது.

காரணம் இருக்கிறது. கணவனைப் பற்றிய தாள் முதலாளியிடமோ படையிடமோ இருந்தது, பாதி எரிந்தும் தொலைந்தும் போயிருக்கும். மனைவி ஓய்வூதியம் கேட்டிருப்பாள், ஜீவனாம்சம் கேட்டிருப்பாள், ஊருக்குத் திரும்ப அனுமதி கேட்டிருப்பாள். ஒவ்வொரு முறையும் கணவனின் பெயரையும் வேலையையும் கடைசியாகச் சேதி வந்த நாளையும் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் உலகப்போரில் இறந்த இந்தியப் படைவீரர்களின் பதிவுகளைப் பாருங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. பல பதிவுகளில் படை எண், பிரிவு, இறந்த நாள் ஆகியவற்றுக்குக் கீழே ஒரு வரி வரும். இன்னாரின் மகன், இன்னாளின் கணவன், இன்ன ஊர். ஒரே பெயரில் மாரியப்பனும் முனுசாமியும் பத்துப் பேர் இருந்தால், அவர்களைப் பிரித்துக் காட்டுவது மனைவியின் பெயரும் ஊரும்தான். வீட்டில் பாட்டியின் பெயரை மறந்துவிட்டு தாத்தாவைத் தேடுவது அதனால்தான் கைகூடுவதில்லை.

தில்லியில் இதில் ஒரு குழப்பம் உண்டு. அந்தப் போரில் போன தாத்தாவின் பெயரைத் தேடி இந்தியா கேட்டுக்குப் போகிறார்கள். 1931-இல் திறக்கப்பட்ட அந்த வளைவில் உள்ள பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் பெயர்கள் முதல் உலகப்போர்க் காலத்தையும் 1919 ஆப்கன் போரையும் சேர்ந்தவை. இரண்டாம் போரில் மாண்ட 25,000-க்கும் மேற்பட்டோரை நினைவுகூரும் சின்னம் தில்லி கண்டோன்மெண்டில், போர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. பர்மாவில் உடல் கிடைக்காமல் போனவர்களின் பெயர்கள் ரங்கூனுக்கு வெளியே தாவுக்யானிலும், மலாயாவில் போனவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியிலும் உள்ளன. முதல் போரின் நிலை இன்னும் மோசம். பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்தியச் சிப்பாய்களின் பெயரே பொறிக்கப்படவில்லை, படைப்பிரிவின் கீழ் எண்ணிக்கை மட்டும் இருந்தது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை என்று அந்த ஆணையமே 2021-இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

படைவீரனுக்காவது எண் இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. ஜப்பானியர் 1942, 1943-இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். காலராவிலும் பசியிலும் அவர்கள் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். அதே பாதையில் இறந்த நேசநாட்டுக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தமிழர்களுக்கு அங்கே ஒரு நடுகல் 2023-இல்தான் எழுந்தது. கணவனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதைத் தோட்ட லயத்து வாசலில் நின்று பார்த்த மனைவிக்குச் சாவுச் சான்றும் வரவில்லை, எலும்பும் வரவில்லை. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமலே வாழ்ந்து முடித்த பெண்கள் அவர்கள். அந்தக் குடும்பங்களில் எஞ்சியிருக்கும் ஒரே ஆதாரம் வாய்மொழிதான். இந்த நிமிடம் இந்த அவையில் உள்ள யாருக்காவது மலேசியாவில் தொண்ணூறைத் தாண்டிய அத்தையோ பெரியம்மாவோ இருந்தால், எந்தத் தோட்டம், எந்த மாதம், கூடப் போனவர் யார் என்ற மூன்றையும் உடனே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் உள்ள வெற்றிடத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் கயூத்ரா பகதூர். கயானாவில் பிறந்த அமெரிக்கப் பத்திரிகையாளர். அவருடைய கொள்ளுப்பாட்டி சுஜாரியா 1903-இல் கல்கத்தாவில் கிளைடு என்ற கப்பலில் ஏறி பிரிட்டிஷ் கயானாவுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனார். பிகாரைச் சேர்ந்தவர், வயது 27, நான்கு மாதக் கர்ப்பிணி, தன்னந்தனி. பிள்ளை கப்பலிலேயே பிறந்தது. குடியேற்றச் சீட்டில் ஊர் இருக்கிறது, வயது இருக்கிறது, கர்ப்பம்கூட இருக்கிறது. கணவன் பெயர் இல்லை. விதவையா, துரத்தப்பட்டவளா, தானே விட்டு வந்தவளா? பகதூர் ஊரைத் தேடிப் போனார், ஆவணக் காப்பகங்களைத் துருவினார். 2013-இல் வந்த ‘கூலி உமன்’ நூல் அந்தத் தேடலின் விளைவு. கணவன் அகப்படவில்லை. ஆனால் அதே மாதிரிக் கணவன் பெயர் இல்லாத சீட்டோடு கப்பலேறிய எண்ணற்ற பெண்களின் வாழ்க்கை அகப்பட்டது. ஒரு குடும்பத்தின் ரகசியமாக இருந்தது ஒரு காலத்தின் வரலாறாக விரிந்தது. தேடியவர் அரைகுறை ஆதாரத்தை வைத்துக் கணவன் ஒருவனைக் கற்பனையாக ஒட்டவைக்கவில்லை. விலாயத்தின் கதையைக் கேட்டுவிட்டு வந்த நமக்கு அந்த நேர்மையின் அருமை நன்றாகவே தெரியும்.

தமிழர்களுக்கு இந்த வகைப் பட்டியல்கள் நிறைய உண்டு. நேட்டாலுக்கு முதல் கப்பல் ட்ரூரோ சென்னையிலிருந்துதான் புறப்பட்டு 1860 நவம்பர் 16-இல் டர்பன் சேர்ந்தது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்குமேல் போனார்கள், பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடலில் உள்ள தழும்பு. கணவனைத் தேடுகிறவர்கள் அவன் பெயரோடு நின்றுவிடாமல், அதற்கு முன்னும் பின்னும் வரும் பத்து எண்களையும் பார்க்க வேண்டும். ஒரே ஊர்க்காரர்கள் ஒன்றாகத்தான் பதிந்துகொள்வார்கள். ஆங்கிலேய எழுத்தர் தமிழ்ப் பெயரைச் சிதைத்து எழுதியிருந்தாலும் பக்கத்தில் உள்ள மைத்துனனோ பங்காளியோ அடையாளம் காட்டிவிடுவான். மொரீஷியஸ் போனவர்களின் பதிவுகளை அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனம் வைத்திருக்கிறது, பலருக்குப் புகைப்படமே உண்டு.

தில்லியில் இருப்பவர்களுக்கு வேலை இன்னும் பக்கத்தில். ஜன்பத்தில் லட்யன்ஸ் வடிவமைத்து 1926-இல் எழுந்த கட்டடத்தில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. குடியேற்றம், கடல்கடந்த இந்தியர்கள் தொடர்பான அரசுக் கோப்புகள் அங்கே உள்ளன. அபிலேக் படல் என்ற அதன் இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். தேடும்போது தாத்தா பெயரை இட்டால் பெரும்பாலும் எதுவும் வராது. கோப்புகளுக்குத் தலைப்பு வைத்தவர்கள் தொழிலாளியின் பெயரில் வைக்கவில்லை, விவகாரத்தின் பெயரில் வைத்தார்கள். ஆகவே நாடு, ஆண்டு, துறை, பிறகு மனு, உதவித்தொகை, விசாரணை என்று இட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கால ஆங்கில எழுத்துக்கூட்டலில் மாவட்டப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தஞ்சாவூர் டாஞ்சூராகவும் திருச்சி டிரிச்சினாபோலியாகவும் கிடக்கும். கோப்பு எண் கிடைத்ததும் அடையாள அட்டையோடு நேரில் போனால் படிப்பறையில் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். சென்னையில் சொந்தக்காரர் இருந்தால், மாகாண அரசின் பங்குக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அதே ஆண்டுக் கோப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். மனுப் போட்டவளின் கைநாட்டு பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கோப்பில்தான் இருக்கும்.